மேஜைக்கடியில் ஒரு கை

கையைத்தான் வைத்தாள். கையை வைத்தது ஒரு குற்றமா, கை வைக்காமல் எந்தப் பிள்ளையை எவள் வளர்த்திருக்கிறாள் என்று வனஜா தனக்குள் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் குக்கர் விசிலடித்தது, கூடவே சாந்தாமணியின் குரலும் வந்தது, இதோ காப்பி கொண்டாறனுங்க மிஸ், நல்லா சாஞ்சு உக்காருங்க, கட்டுப்போட்ட கையத் தொங்கப் போடாதீங்க, நீர் கோத்துக்கும். வனஜா சாய்ந்துகொள்ளவில்லை. கூட்டமான பஸ்ஸில் ஓரத்து இடம் கிடைத்தவள் மாதிரி சோபாவின் விளிம்பில் பாதி உடம்பை வெளியே விட்டு உட்கார்ந்திருந்தாள். சோபாமேல் பூப்போட்ட விரிப்பு, மடிப்புக்கோடு இன்னும் கலையவில்லை, இவள் வருகிறாள் என்று பீரோவிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறாள், கடிபட்டவளுக்குப் புது விரிப்பு, கடித்தவளுக்கு எதிரே அந்தச் சாத்திய கதவு. கதவுக்கு அந்தப்பக்கம் கௌசிகா. பதினாறு வயதுப் பெண் இருக்கிற அறையிலிருந்து ஒரு அரவமும் வராமல் இருந்தால் அது கூச்சலைவிட மோசம். நேற்று அந்தப் பெண் வனஜாவின் கையைப் பல் பதியக் கடித்தாள். இன்று காலை அவள் அம்மா போனில், ஒருநட எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போங்க மிஸ், அவள உங்க கால்ல விழ வெக்கறேன், மன்னிச்சேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும் என்று அழுதாள். ஆக, மன்னிக்க வந்திருக்கிறாள் வனஜா. நல்ல வாயில் புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, வழியில் இறங்கி ஆப்பிள் வேறு வாங்கிக்கொண்டு. மன்னிக்கப் போகிறவள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவாளா? ஆஸ்பத்திரிக்குத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆப்பிள் விற்கிறவன் கையைப் பார்த்து என்னம்மா ஆச்சு என்று கேட்டான், நாய் கடிச்சிருச்சு என்றாள். நாய். எப்படி வந்தது அந்த வார்த்தை, அவ்வளவு சுலபமாக, வெற்றிலை எச்சில் மாதிரி.

சென்டர் என்று எல்லோரும் சொல்வது வடவள்ளியில் ஒரு வீட்டு மாடியை. பள்ளிக்கூடம் வேண்டாமென்று அனுப்பிய பிள்ளைகளும், பள்ளிக்கூடத்தை வேண்டாமென்று விட்டு வந்த பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து படித்துத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதுவார்கள். வனஜா அங்கே ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் தேர்வடம் மாதிரி நீளம், வேலை கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பதுதான், யாருக்கு எது வேண்டும், யாருக்கு எது ஆகாது. எழுத்துகள் இடம்மாறித் தெரிகிற பையனுக்குப் பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுத ஆள் பிடிக்க வேண்டும், காது மந்தமான பெண்ணை எந்தப் பக்கம் உட்காரவைப்பதென்று வாத்தியார்களுக்குச் சொல்லித்தர வேண்டும், டியூப்லைட்டின் ரீங்காரம் ஆகாதவனுக்கு ஜன்னலோரம் இடம் கேட்டு அதிகாரிகளிடம் பல்லைக் காட்ட வேண்டும், காட்டியும் நடக்காவிட்டால் கடிக்க வேண்டும். கடிப்பதில் வனஜா கெட்டிக்காரி. தன் பிள்ளைகள் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனபிறகு, நாக்கு சும்மா துருப்பிடிக்கிறதே என்று இந்த வேலைக்கு வந்தவள். வந்ததும் அவள் கொண்டுவந்த முதல் ஏற்பாடே துணிக் கிளிப். கொடியில் துணி பறக்காமல் மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப், ஆளுக்கு ஒன்று, இடது தோளில் மாட்டிக்கொள்ள வேண்டியது. தலைக்குள் இரைச்சல் ஏறிவிட்டது, இனி ஒரு நொடி இங்கே உட்கார முடியாது என்றால் வாயைத் திறக்க வேண்டாம், கிளிப்பைக் கழற்றி வலது தோளில் மாட்டு, எழுந்து போ. ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. கண்ணால்கூடக் கேட்கக்கூடாது. வாத்தியார்களை வரிசையாக நிற்கவைத்து வனஜாதான் சொன்னாள், அந்தக் கிளிப் இடம் மாறிச்சுன்னா கலெக்டரே வந்து கிளாஸ் எடுத்தாலும் வழிவிடணும். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் ஒருமுறை, எங்கம்மா போறே என்று கேட்டுவிட்டதற்கு அவரை மாடிப்படியில் நிறுத்தி அவள் விட்ட டோஸில் மனிதர் மதியச் சாப்பாட்டுக்கே வரவில்லை. கௌசிகா அதை மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு இப்போது எதற்கு ஞாபகத்துக்கு வருகிறது, வேறெதையாவது நினை, விரிப்பில் என்ன பூ போட்டிருக்கிறது பார், தாமரையா, ஆமாம், இல்லை, ரோஜாவுக்குத் தாமரை இலை போட்டு வைத்திருக்கிறான்.

நேற்று வந்தவர்கள் கலெக்டரும் இல்லை, கவர்னரும் இல்லை. அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சென்டருக்கு நன்கொடை தருகிறவர்களாகவோ தேர்வுத் துறை ஆட்களாகவோ இருந்தாலும் பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வந்தது ஷெரினும் உஷாராணியும், கான்வென்டில் இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஷெரின் இப்போது ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பிரின்சிபால், உஷாராணி எங்கோ வெளிநாட்டில் எதற்கோ டைரக்டர். இத்தனை வருஷமாக ஒவ்வொரு சந்திப்பிலும், அப்புறம் வனஜா, வீட்லதானே இருக்கே என்று கேட்டவர்கள். வீட்லதானே. அந்தத் தானே இருக்கிறதே, சாம்பாரில் கிடக்கிற கல், எந்த வாயில் கடிபடும் என்று தெரியாது. சரி வாங்கடி, வந்து பாருங்கடி என்று கூப்பிட்டாள். யாரைக் காட்டுவது? அழகாக, அடுக்கடுக்காகப் பேசக்கூடியவள் கௌசிகா. பழைய பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும்போதெல்லாம் தனக்கு எப்படி இருந்தது, மண்டைக்குள் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி என்று அவள் சொன்னால் கல்லும் கரையும். கொஞ்சம் பேசறியா கண்ணு என்று கேட்டதற்குச் சரி மிஸ் என்றாள். சரி என்றுதானே சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பேசினாள், நன்றாகத்தான் பேசினாள், உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஷெரின் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள், ஃப்ளாஷ் வெட்டியது, இன்னொன்று வெட்டியது, உஷாராணி மேலடித்திருந்த சென்ட் அந்தச் சின்ன அறையில் சாம்பிராணிப் புகை மாதிரி சுற்றியது. கௌசிகாவின் கை தோளுக்குப் போயிற்று. கிளிப் இடதிலிருந்து வலதுக்கு வந்தது. வனஜா பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியுமா, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு? பார்த்தாள். அப்போது ஷெரின், பரீட்சைக்கு நீங்க என்னென்ன ஏற்பாடு செஞ்சு தர்றீங்கன்னு அவ வாயாலேயே கேக்கணும் என்றாள். அந்த ஒன்று, வனஜா செய்தது என்ன என்கிற அந்த ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கௌசிகா எழுந்திருக்கப் போனாள். இன்னும் ஒண்ணே ஒண்ணு கண்ணு என்று சிரித்துக்கொண்டே சொல்லி, மேஜைக்கடியில் அவள் மணிக்கட்டின்மேல் கையை வைத்தாள். வைத்தாள். சரி, பிடித்தாள்.

பிடித்தால் என்ன, விழப்போகிற பிள்ளையைப் பிடிப்பதில்லையா என்று அந்த வக்கீல் மறுபடி எழுந்திருக்கிறான், உட்காரடா. அவள் விழப்போகவில்லை, போகத்தான் போனாள். மேஜைக்கடியில் இருந்த கையைக் கடிக்க வேண்டும் என்றால் அவள் எவ்வளவு குனிந்திருக்க வேண்டும், இதை ஒருத்தராவது யோசித்தார்களா? கை எப்படி அவள் வாய்க்குப் போயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஷெரின் கேட்கவில்லை, தையலும் ஊசியும் போட்ட டாக்டர் கேட்கவில்லை, சென்டர் டைரக்டர் கேட்கவில்லை. வீட்டில் அவள் கணவர் ரகுபதி கட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் நீ ஊரைக் கடிச்சதுக்கு ஒருத்தியாவது திருப்பிக் கடிச்சாளே என்று சிரித்தார். வேறு நாளாக இருந்தால் அதற்குப் பதில் சொல்லி அவரை ஒரு வாரம் வாயைத் திறக்கவிடாமல் பண்ணியிருப்பாள். நேற்று எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். அதைப் பார்த்து அவர் பயந்துபோய் அவரே தோசை ஊற்றினார். ஆனால் இவளை உறுத்துவது கடியும் இல்லை, பிடித்ததும் இல்லை, அதற்கப்புறம் சொன்னதுதான். ஷெரின் இவள் கையில் கர்ச்சீப்பைக் கட்டிவிட்டபடியே, ஹவ் டு யூ டூ இட், யூ ஆர் எ செயின்ட் என்றாள். வனஜா கண்களைத் தாழ்த்திக்கொண்டாள், கான்வென்டில் மதர் சுப்பீரியர் மெடல் குத்தும்போது தாழ்த்துவதுபோல அதே கோணத்தில், தாழ்த்திக்கொண்டு, பாவம், அவ என்ன செய்யறான்னு அவளுக்கே தெரியாது என்றாள். அறை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பெண்ணைக் காட்டிச் சொன்னாள். அவள் பொத்தியிருந்தது ஒரு காதைத்தான். ஒரு கை வலித்ததால் தூக்கவில்லை. சென்டருக்கு வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் வனஜா முதலில் பிடுங்கி எறிகிற வாக்கியம் அது, எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க, யார் சொன்னது தெரியாதுன்னு, உங்களுக்குத்தான் தெரியாது என்று எத்தனை பேரை வறுத்திருப்பாள், அதே வாக்கியத்தைத் தன் வாயிலிருந்தே, அதுவும் எதற்கு, செயின்ட் பட்டத்துக்கு நன்றியாக. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வனஜாவுக்குக் காதுமடல் சுட்டது. குளிக்கும்போது சுட்டது, ஆட்டோவில் சுட்டது. இந்த சோபாவில் சுடுகிறது.

கான்வென்டில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிறிஸ்தவப் பிள்ளைகளை மட்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையாகச் சேப்பலுக்குக் கூட்டிப்போவார்கள். வனஜா மாதிரிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து கைத்தையல் போட வேண்டும். போகும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிற ஷெரின் வரும்போது துள்ளிக்கொண்டு வருவாள், எல்லாம் கிளீன்டி என்பாள், பாத்திரம் தேய்த்து வைத்தவள் மாதிரி. என்ன பொறாமையாக இருக்கும் அப்போது. முகம் தெரியாத ஒரு மறைப்புக்குப் பின்னால் இருக்கிற பாதிரியாரிடம் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டியது, அவர் ஏதோ ஜெபம் சொல்லச் சொல்லுவார், முடிந்தது. இங்கே மறைப்பு கிடையாது, இங்கே சாந்தாமணியின் முகம்தான். அந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? ஆரம்பிக்காமல் போய்விட்டால்தான் என்ன? காப்பியைக் குடித்து, பரவாயில்லை கண்ணு என்று சொல்லி, தலையைத் தடவி. தடவக்கூடாது, அவளுக்குத் தொட்டால் ஆகாது, அதையும் வாத்தியார்களுக்குச் சொன்னவள் வனஜாதான்.

சாந்தாமணி காப்பியும் ஒரு தட்டில் தேங்காய் பன்னுமாக வந்தாள். வெள்ளை டம்ளரை நீட்டும்போதே கண் கட்டுக்குப் போயிற்று, உடனே நிறைந்துவிட்டது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மேலே உட்காரச் சொல்லியும் மாட்டேனென்றுவிட்டாள். கௌசிகா ராத்திரி சாப்பிடவில்லையாம், கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம், எதுக்கடி கடிச்சே என்று அப்பன் இரண்டு போட்டும் சொல்லவில்லையாம். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டருக்குப் பாகம் கடைகிற அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு யாரோ ஒரு விடுதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், பாலக்காட்டு ரோட்டில், இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம், பெரிய மதில் சுவராம், வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கலாமாம். திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டுவிடுவதென்று பேசிவிட்டாராம். பரீட்சை என்று இவள் இழுத்ததற்கு, சொல்லிக்குடுக்கற டீச்சரக் கடிக்கற கழுதைக்குப் பரீட்சை ஒரு கேடா என்றாராம். சாந்தாமணி இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். கடைசியில், நான் அவர ஒண்ணும் சொல்ல முடியாதுங்க மிஸ், உங்க கையப் பாத்துட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவளுக்குப் பரிஞ்சு பேசறது என்றபோதுதான் குரல் உடைந்தது. வனஜா டம்ளரைக் கீழே வைத்தாள். பட்டறையில் கடைசல் இயந்திரம் ஒரு நீளமான கீச்சிட்டு நின்றது. மதில் சுவர். வருஷத்துக்கு இரண்டு தடவை. அங்கே இந்தப் பெண் எந்தத் தோளில் எதை மாட்டினாலும் எவள் பார்க்கப்போகிறாள்?

"தப்பு அவமேல இல்ல சாந்தாமணி. நான்தான் அவ கையைப் பிடிச்சேன். அவ எழுந்து போகப் பார்த்தும் நான் விடல."

சொல்லிவிட்டாள். சாந்தாமணி முகமெல்லாம் நெகிழ, கோயிலில் திரை விலகியதும் கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் கூப்பினாள்.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க மிஸ். கடிபட்டும் பழிய நீங்க ஏத்துக்கறீங்க பாருங்க. எந்த டீச்சருங்க இந்தக் காலத்துல இப்படி?"

இல்லை என்றாள் வனஜா, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றாள். நிஜம் என்று சொல்லச் சொல்ல அது இன்னும் பெரிய மனசாக வளர்ந்துகொண்டே போயிற்று. சாந்தாமணி தலையை ஆட்டி ஆட்டி, எனக்குத் தெரியாதுங்களா, எம் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா என்றாள். அப்போது வனஜாவுக்குள் ஒன்று நடந்தது. ஒரு சுகம் பரவியது. சீ என்று அதைத் தள்ளுவதற்குள் அது உடம்பெல்லாம் போய்விட்டது, வெயிலில் வந்தவளுக்கு நீர்மோர் மாதிரி. சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவள் பாடு. இதோ, எல்லாம் கிளீன்டி. இப்படியே எழுந்து நாச்சிமுத்துவிடம் போய், நான் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன், இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று சொன்னால் அவர் கேட்டாலும் கேட்பார், பெண்ணும் சென்டருக்கு வருவாள், யாருக்கு என்ன நஷ்டம்? கௌசிகாவுக்கு. காலமெல்லாம் அவள், மிஸ் மன்னித்த பெண். இனி எந்தக் கை அவளைப் பிடித்தாலும் அவளிடம்தான் எதுக்கடி கடிச்சே என்று கேட்பார்கள். வனஜா இதை யோசித்தாளா, அல்லது யோசித்ததாகப் பிறகு நினைத்துக்கொள்ளப் போகிறாளா, அவளுக்கே பிடிபடவில்லை. ஏனென்றால் அதற்குள் கதவு திறந்தது.

நேற்றுப் போட்டிருந்த அதே சுடிதார். தலை வாரவில்லை. கௌசிகா யாருடைய முகத்தையும் பார்க்காமல் வந்து, தட்டிலிருந்த பன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் அப்பன் போட்டது தெரிந்தது. இடது கையை வலது கையால் மூடிப் பிடித்திருந்தாள், மணிக்கட்டில். சொல்லு அம்மிணி, நான் சொல்லிக்குடுத்தத மிஸ்ஸுகிட்டச் சொல்லு என்றாள் சாந்தாமணி. அந்தப் பெண் ஒப்பிப்பதுபோல, ஆனால் ஒரு எழுத்து விடாமல், தெளிவாக, தெரியாமச் செஞ்சுட்டேன் மிஸ், மன்னிச்சுக்கங்க என்றாள். தெரியாமல். வனஜா நேற்று சொல்லிக்கொடுத்ததுதான், அது வீடுவரைக்கும் நடந்து வந்து இந்தப் பெண்ணின் வாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. காலில் விழு என்று அம்மா முதுகில் கைவைத்துக் குனியவைக்கப் போனாள். கௌசிகா குனியவும் தயாராகத்தான் இருந்தாள். அந்தத் தயார்தான். அதைப் பார்க்க முடியவில்லை வனஜாவால்.

வேண்டாம் சாந்தாமணி, நீங்க இங்க வாங்க என்றாள். பக்கத்தில் வந்தவளின் கையை எட்டிப் பிடித்தாள், கட்டுப்போட்ட கையாலேயே, வளையலுக்கு மேலே. ஆறுதலுக்குப் பிடிக்கிறாள் என்று நினைத்துச் சாந்தாமணி இன்னொரு கையை அதன்மேல் வைத்து, மிஸ் என்றாள். வனஜா பிடியை இறுக்கினாள். இறுக்கி, கட்டைவிரலை உள்பக்க எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில் கொடுத்து அழுத்தினாள். கட்டுக்குள் தையல் இழுத்தது, ஈரம் கசிகிறது என்று தெரிந்தது. அழுத்திக்கொண்டே சிரித்தாள், நேற்றுச் சிரித்த அதே சிரிப்பு, ஷெரினுக்கும் உஷாராணிக்கும் காட்டிய பல்வரிசை. சாந்தாமணியும் முதலில் சிரித்தாள், மரியாதைக்கு. பிறகு வலிக்குதுங்க என்றாள், மெதுவாக. வனஜா விடவில்லை. சாந்தாமணி இழுத்தாள். இழுத்த பக்கமே வனஜாவின் நகம் இறங்கியது. விடுங்க மிஸ் என்றாள் சாந்தாமணி, அந்தக் குரலில் ங்க இருந்தது, ஆனால் பணிவு இல்லை. கூப்பிய கையெல்லாம் எங்கே போயிற்று, நெகிழ்ந்த முகம் எங்கே போயிற்று, ஒரு தாயின் முகம் மட்டும், மூக்கு விடைத்து, பல் தெரிய, கிட்டே வந்துகொண்டிருந்தது. வனஜாவுக்கு இந்த வீட்டில் இனி ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று தெரிந்தது.

"இப்படித்தான்," என்றாள்.

சாந்தாமணி இழுப்பதை நிறுத்தினாள். அவள் பார்வை பிடிபட்ட தன் கையிலிருந்து மகளிடம் போயிற்று, மகள் மூடிவைத்திருந்த அந்த மணிக்கட்டுக்குப் போயிற்று. கௌசிகா வலது கையை எடுத்தாள். நீலமாக, நாலு விரல் தடமும் தனித்தனியாக. பிறகு பன்னிலிருந்து கண்ணை எடுத்து, அவர்கள் இருவரின் கைகளையும், கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதவிடக் கெட்டியா," என்றாள்.